பிரதமரை உட்கார வைப்பது யார்? மார்ச் 12 பேச்சுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸ் 1968 மார்ச் 12 அன்று சுதந்திரம் பெற்றது. குடியரசானது 1992 மார்ச் 12 அன்று. நடுவில் போன 24 ஆண்டுகளும் இரண்டாம் எலிசபெத் ராணிதான் இந்த நாட்டின் தலைவர். அவர் சார்பில் லெ ரெதுய் மாளிகையில் ஒரு கவர்னர் ஜெனரல் இருந்தார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "சுதந்திரம் வந்த பிறகும் ராணியா?" என்று நம் முகத்தைப் பார்க்கிறார்கள். மார்ச் மாதம் வந்தால் பள்ளிக்கூடத்திலும் கோவில் தமிழ் வகுப்பிலும் பேச்சுப் போட்டி நடக்கும். மேடையேறும் பிள்ளை முதல் பரிசு கொடுக்க வரும் பெரியவர் வரை, பிரதமர் என்று வந்தவுடன் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தடுமாறுகிறார்கள். பிரதமரின் பலத்தைச் சிலர் அரண்மனையில் தேடுகிறார்கள், சிலர் வாக்குப்பெட்டியில் தேடுகிறார்கள். அது இருப்பது சட்டமன்றத்தில், தலை எண்ணிக்கையில்.

வாக்குப்பெட்டியிலிருந்து தொடங்கலாம். நாட்டின் முதல் பிரதமரைப் பற்றி, "மக்கள் சிவசாகர் ராம்கூலமைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று எழுதாதீர்கள். மொரீஷியஸில் இதுவரை யாரும் பிரதமருக்கு வாக்களித்ததில்லை. தீவின் ஒவ்வொரு தொகுதியிலும் வாக்காளர் மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார். ரொட்ரிக்ஸ் தீவுக்கு இரண்டு பேர். அப்படி வந்தவர்களில் பெரும்பான்மையோர் யார் பின்னால் நிற்பார்கள் என்று நாட்டின் தலைவருக்குத் தோன்றுகிறதோ, அவரைப் பிரதமராக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 59ஆம் பிரிவு. அன்று அந்த வேலை கவர்னர் ஜெனரலுடையது, இன்று ஜனாதிபதியுடையது.

"சரி, அதிக இடம் பிடித்த கட்சியின் தலைவர்தானே பிரதமர்?" என்ற கேள்வி உடனே வரும். அதுவும் இல்லை. 1976 டிசம்பர் 20 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. இடையில் அவசரநிலையெல்லாம் வந்து, தேர்தல் தள்ளிக்கொண்டே போயிருந்தது. பெஸ்ட் லூசர் இடங்களையும் (சமூகங்களின் பங்கைச் சமன் செய்ய, தோற்ற வேட்பாளர்கள் சிலருக்குத் தரும் இடங்கள்) சேர்த்து மொத்தம் 70 உறுப்பினர்கள். 1969இல்தான் பிறந்த எம்.எம்.எம். (மொரீஷியஸ் போராட்ட இயக்கம்) கட்சி 34 இடங்களோடு முதலில் வந்தது. ராம்கூலமின் அணிக்கு 28. கேத்தான் துவாலின் மொரீஷியஸ் சமூக ஜனநாயகக் கட்சியான பி.எம்.எஸ்.டி.க்கு 8. எம்.எம்.எம். தொண்டர்கள் ஆட்சி தங்களுக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பாதிக்கு மேல் என்றால் 36 தலை வேண்டும். இருபத்தெட்டும் எட்டும் முப்பத்தாறு! ராம்கூலமும் துவாலும் கைகோத்தார்கள், ராம்கூலமே பிரதமராகத் தொடர்ந்தார். 1967இல் சுதந்திரமே வேண்டாம் என்று பிரசாரம் செய்த கட்சி பி.எம்.எஸ்.டி. அதன் எட்டுப் பேரை நம்பித்தான் சுதந்திரத்தின் தந்தை அடுத்த ஆட்சியை ஓட்டினார். இதை அநியாயம் என்பவர்கள் சொல்லலாம், அது அரசியல் விமரிசனம். சட்டப்படி தவறு என்று மட்டும் சொல்லக் கூடாது. ராணி இங்கே யாரையும் காப்பாற்றவில்லை. கணக்கு காப்பாற்றியது.

தேர்தலே இல்லாமல் பிரதமர் மாறுவதும் இதே கணக்கில்தான். 2003இல் அனிருத் ஜக்நாத் விலகி போல் பெரான்ஜே வந்தார். 2017 ஜனவரியில் அதே ஜக்நாத் விலகி அவருடைய மகன் பிரவிந்த் வந்தார். முதல் மாற்றம் தேர்தலுக்கு முன்பே ஊரறியப் பேசி வைத்தது. இரண்டாவதில் அந்த நாகரிகம்கூட இல்லை என்பது என் எண்ணம். இரண்டிலும் சபையின் பெரும்பான்மை புதியவர் பின்னால் நின்றது, சட்டம் கேட்பது அவ்வளவுதான். பிரிட்டனிலும் 1940இல் சர்ச்சில் அப்படித்தான் வந்தார்.

அடுத்தது அரண்மனைப் பக்கம். "1992 வரை லண்டன்தான் நம்மை ஆட்டி வைத்தது" என்று மேடையில் முழங்குவார்கள், கைதட்டும் கிடைக்கும். போர்ட் லூயிஸில் அரசு மாளிகை வாசலில் இன்றும் விக்டோரியா ராணி சிலையாக நிற்பதைப் பார்த்து வந்த எண்ணமோ என்னவோ. உண்மையில் 1968க்குப் பிறகு எலிசபெத் பிரிட்டனின் ராணி என்ற முறையில் இங்கே தலைவராக இருக்கவில்லை; மொரீஷியஸின் ராணி என்ற தனிப் பட்டத்தில் இருந்தார். இந்த நாட்டு விஷயத்தில் அவருக்கு ஆலோசனை சொன்னவர் இந்த நாட்டுப் பிரதமர், லண்டன் பிரதமர் இல்லை. கவர்னர் ஜெனரலாக யாரைப் போடுவது என்பதையும் நம் பிரதமர்தான் சொன்னார், ராணி நியமித்தார்.

இதைப் புரிந்துகொள்ள ராம்கூலமின் கடைசி ஆண்டுகளே போதும். 1982 தேர்தலில் அவர் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 1983 தேர்தலுக்கு அவருடைய தொழிற்கட்சி ஜக்நாத்தோடு கூட்டணி சேர்ந்தது, அந்தக் கூட்டணி வென்றது, ஆண்டு முடிவதற்குள் ராம்கூலம் கவர்னர் ஜெனரலாகி லெ ரெதுய்க்குக் குடிபோனார். ராணியின் பிரதிநிதி நாற்காலியில் ராம்கூலம், பிரதமர் நாற்காலியில் அவரை வீழ்த்திய ஜக்நாத், நாடு யார் கையில் இருந்தது என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. 1985 டிசம்பரில் ராம்கூலம் காலமானார். 1987இல் வந்த புதிய நாணயங்களில் ராணியின் தலை போய் ராம்கூலமின் தலை வந்துவிட்டது. அப்போதும் நாட்டின் தலைவர் ராணிதான்! பழைய சில்லறை வைத்திருப்பவர்கள் ஆண்டைத் திருப்பிப் பாருங்கள்.

இனி பிரதமர் பதவி பிரிட்டனில் எப்படிப் பிறந்தது என்ற கதை. "ஜெர்மனியிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் 1721இல் பிரதமர் பதவியை உண்டாக்கினார்கள்" என்பது எல்லாப் பேச்சிலும் வரும் வரி. சுவையாக இருக்கிறது, அதனால்தான் நிலைத்துவிட்டது. 1721இல் யாரும் எதையும் உண்டாக்கவில்லை. ராபர்ட் வால்போல் அந்த ஆண்டு ஏற்றது கருவூலத்தின் முதல் பிரபு என்ற பதவி. லண்டனில் 10 டௌனிங் தெருக் கதவின் பித்தளைத் தகட்டில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. பிரதமர் என்பது அப்போது எதிரிகள் வைத்த வசைப்பெயர். மன்னரையும் மற்ற அமைச்சர்களையும் மீறித் தலைதூக்குகிறவன் என்று அதற்குப் பொருள். வால்போலே அப்படி ஒரு பதவி தனக்கு இல்லை என்று நாடாளுமன்றத்தில் மறுத்தார்.

ஜார்ஜ் தன் அமைச்சர்களோடு பிரெஞ்சில் பேசிச் சமாளித்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். மொழி ஒரு சிறு காரணம் என்றால் இருக்கட்டும். பெரிய காரணம் பணம். 1688 புரட்சிக்குப் பிறகு வரி போடவும் படை நடத்தவும் மன்னர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திடம் கையேந்த வேண்டியிருந்தது. மக்களவையில் நின்று வரவுசெலவை நிறைவேற்றித் தரத் தெரிந்த ஓர் ஆள் இல்லாமல் மன்னரால் ஒரு நாளும் தள்ள முடியாது. வால்போல் அந்த ஆள். கருவூலம் அவர் கையில், அதனால் பதவிகளும் சலுகைகளும் அவர் கையில், அதனால் உறுப்பினர்களும் அவர் கையில். 1742இல் அவர் விலகியதுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம். மன்னர் இரண்டாம் ஜார்ஜுக்கு அவரை அனுப்ப மனமே இல்லை. ஆனால் மக்களவையில் வாக்குகள் தோற்க ஆரம்பித்துவிட்டன, போய்விட்டார். 1721ஐ மனப்பாடம் செய்கிறவர்கள் 1742ஐ விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சட்டத்தில் பெயரே இல்லாமல் அந்தப் பதவி நாட்டை ஆண்டது. 1905இல்தான் அரசு விழாக்களில் யாருக்கு முன் யார் என்ற வரிசையில் பிரதமருக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். அதுவும் யார்க் பேராயருக்குப் பின்னால். 1937இல் சம்பளச் சட்டம் வந்தது, ஆண்டுக்கு 10,000 பவுண்டு. மொரீஷியஸில் வழி வேறு. இங்கே எல்லாம் எழுத்தில், படிப்படியாக வந்தது: 1961இல் ராம்கூலம் முதலமைச்சர், 1964இல் பிரீமியர், 1968இல் பிரதமர். பிரிட்டனில் மரபாக இருப்பது பலவும் இங்கே சட்டப் பிரிவாக எண் போட்டு நிற்கிறது. ஆகவே "பிரிட்டனில் இப்படி, அதனால் இங்கேயும் இப்படி" என்று எழுதுவதற்கு முன் நம் அரசியல் சட்டத்தின் 57 முதல் 60 வரையான பிரிவுகளை ஒருமுறை புரட்டுங்கள்.

"மன்னர் வெறும் முத்திரை குத்துகிறவர்" என்பது எதிர்ப்பக்கத்துத் தவறு. பெரும்பாலான நாட்களில் அது சரி. கணக்கு குழம்பும் நாட்களில் சரியில்லை. 1834இல் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் வில்லியம், பிரதமர் மெல்பர்னின் அரசை அனுப்பிவிட்டு ராபர்ட் பீலைக் கொண்டுவந்தார். தேர்தல் நடந்தது, பீலுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, 1835 ஏப்ரலில் மெல்பர்னே திரும்பி வந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. அதன் பிறகு எந்த பிரிட்டிஷ் மன்னரும் ஓர் அரசை அப்படி அனுப்பியதில்லை. ஆனால் 1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியாவில் கவர்னர் ஜெனரல் ஜான் கெர், கீழவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் கஃப் விட்லமையே பதவி நீக்கினார், செனட் பணத்துக்கு அனுமதி தராமல் நிறுத்தி வைத்திருந்தது என்ற காரணத்தால். அடுத்த மாதத் தேர்தலில் விட்லம் தோற்றார். ஆஸ்திரேலியர்கள் இன்னும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். மலேசியாவில் 2020 பிப்ரவரியில் பெரும்பான்மை யாருக்கு என்று தெரியாத நிலை வந்தபோது மாமன்னர் எம்.பி.க்களை இரண்டு நாட்களில் அரண்மனைக்கு அழைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். சுவீடனிலோ 1970களின் நடுவிலிருந்து பிரதமர் பெயரை முன்மொழிவது சபாநாயகர், மன்னருக்கு அதில் வேலையே இல்லை. எல்லா மன்னர் நாட்டையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள்.

60க்கு 0 என்ற வெற்றியைச் சொல்லி "அசைக்க முடியாத பிரதமர்" என்று எழுதுவதும் வேண்டாம். 1982 ஜூனில் எம்.எம்.எம். கூட்டணி தீவின் அறுபது இடங்களையும் அள்ளியது, ஜக்நாத் பிரதமர், பெரான்ஜே நிதி அமைச்சர். ஒன்பதே மாதத்தில் பெரான்ஜேயும் கட்சி அமைச்சர்களில் பலரும் வெளியேறினார்கள். எதிரில் எதிர்க்கட்சி இல்லாவிட்டால் என்ன, பக்கத்து நாற்காலி போதும். ஆனால் ஜக்நாத்திடம் ஒன்று மிச்சம் இருந்தது: சபையைக் கலைக்கச் சொல்லும் உரிமை. சபை கலைந்தது, 1983 ஆகஸ்டில் புதிய கட்சி, புதிய கூட்டணி, மறுபடி பிரதமர். அரசியல் சட்டத்தின் 60ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. அரசின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் பிரதமர் மூன்று நாட்களுக்குள் விலக வேண்டும், விலகாவிட்டால் நீக்கப்படுவார், சபை கலைக்கப்பட்டாலொழிய.

கடைசியாக, "குடியரசானதும் பிரதமரின் அதிகாரம் ஜனாதிபதிக்குப் போனது" என்ற தவறு. 1992 மார்ச் 11 அன்று கவர்னர் ஜெனரலாகத் தூங்கப்போன வீராசாமி ரிங்காடு மறுநாள் முதல் ஜனாதிபதி. நம் தமிழர் என்பதால் இதை மேடையில் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம். இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலும் தமிழர், ராஜாஜி. அங்கும் 1950 ஜனவரி 26 வரை நேரு ஒரு மன்னரின் கீழ்தான் பிரதமர். ஆனால் ரிங்காடுவின் மாளிகை மாறவில்லை, வேலையும் பெரிதாக மாறவில்லை. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவருவதே பிரதமர்தான்.

2002 பிப்ரவரியில் இது நன்றாகவே தெரிந்தது. பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட ஜனாதிபதி காசம் உத்தீமுக்கு மனமில்லை. மசோதாவை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். அவர் பதவி விலகினார். துணை ஜனாதிபதி அங்கிடி செட்டியார் அந்த இடத்துக்கு வந்து, அவரும் கையெழுத்திடாமல் விலகினார். அடுத்து தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை தற்காலிகப் பொறுப்பேற்றார், மசோதா சட்டமானது. ஒரே வாரத்துக்குள் நாட்டின் தலைவர் நாற்காலியில் மூன்று பேர். பிரதமர் நாற்காலியில் அதே ஜக்நாத்.