திரைச்சீலையையும் கட்டையையும் வெட்டாதீர்கள்: ரஃபாயேலின் மாதா படத்தை வீட்டில் மாட்டுவது

கட்டையில் சாய்ந்தபடி மேலே பார்க்கும் இரண்டு குட்டிச் சம்மனசுகளை (தேவதூதர்களை) வாழ்த்து மடலிலோ தேநீர்க் கோப்பையிலோ எல்லோரும் பார்த்திருப்போம். அந்தச் சம்மனசுகள் ஒரு பெரிய பீடப்படத்தின் அடி விளிம்பில் இருப்பவை. இத்தாலியின் பியாசென்சா நகரில் உள்ள புனித சிக்ஸ்துஸ் கோவிலுக்காக, பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் கேட்க, ஓவியர் ரஃபாயேல் 1512 வாக்கில் வரைந்த ‘சிஸ்டைன் மடோனா’தான் அது. பெயரைக் கேட்டு வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் தேட வேண்டாம். 1754இல் அது ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போனது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அச்சடிக்கக் கொடுக்குமுன் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள். மேலே பச்சைத் திரை இரண்டு பக்கமும் விலகியிருக்கிறது. அது தொங்கும் கம்பி பாரத்தில் சற்றே வளைந்திருப்பது கூடத் தெரியும். கீழே ஒரு கட்டை, அதன் இடது ஓரத்தில் பாப்பரசரின் மும்முடி. இவை இரண்டுக்கும் நடுவே திறந்த யன்னல் போன்ற வெளியில் மாதா வெறுங்காலோடு மேகத்தின் மேல் நடந்து வருகிறா. இடப்பக்கம் பாப்பரசர் புனித சிக்ஸ்துஸ் மாதாவை அண்ணாந்து பார்க்கிறார், கையோ நம் பக்கம் நீள்கிறது. வலப்பக்கம் புனித பார்பரா குனிந்து கீழே பார்க்கிறா, சம்மனசுகள் மறுபடி மேலே பார்க்கின்றன. நம் கண்ணும் அப்படியே சுற்றி வருகிறது. எந்த விளிம்பை வெட்டினாலும் இந்தச் சுற்று அறுந்துவிடும்.

மாதாவின் முகத்தில் சிரிப்பில்லை, குழந்தையின் கண்ணிலும் ஒரு கலக்கம். கோவிலின் எதிர்ப்பக்கத்தில் இருந்த, சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தை அவர்கள் பார்க்கிறார்கள் என்று சில கலை வரலாற்றாளர்கள் சொல்வதுண்டு. அதை மனதில் வைத்துப் பார்த்தால் படம் வேறாகத் தெரியும்.

இனி அளவு. மூலப் படம் சுமார் 265 சென்ரிமீற்றர் உயரம், 196 அகலம், அதாவது ஏறத்தாழ 4க்கு 3. ஆகவே 24க்கு 18 அங்குலம் அல்லது 16க்கு 12 கச்சிதம். கடைகளில் வழக்கமான 20க்கு 16இல் அடித்தால் மேலே கம்பியோ கீழே மும்முடியோ போய்விடும். 24க்கு 18இல், அங்குலத்துக்கு 200 புள்ளி கிடைக்க, கோப்பு குறைந்தது 4800க்கு 3600 புள்ளி இருக்க வேண்டும். சுற்றிவர 2 சென்ரிமீற்றர் வெள்ளை விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே விளிம்பாக வைக்கும் மவுண்ட் அட்டை கட்டையை விழுங்கிவிடும்.

முழுதாக அடிக்குமுன் ஒரு துண்டு மட்டும் அடித்துப் பாருங்கள். மாதாவைச் சுற்றியுள்ள மேகம் வெறும் மேகமல்ல, மங்கலான சம்மனசு முகங்களின் கூட்டம். அவை தெரியாமல் வெள்ளையாக வெளிறியிருந்தால் கடைக்காரர் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார், திருத்தச் சொல்லுங்கள். சிக்ஸ்துஸ் இடப்பக்கம் இல்லையென்றால் படம் புரட்டப்பட்டிருக்கிறது. பளபளக்கும் தாள் வேண்டாம், பளபளப்பில்லாத மேட் தாளில் நிறத்துகள் கொண்ட பிக்மென்ட் மையே நல்லது. கரைந்த சாயமான டை மை கொழும்பு வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும்.

பிரேம் போடுகையில் கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. தொட்டால் மாரிக் காலத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பிறகு கிழிக்காமல் எடுக்க முடியாது. 2 மில்லிமீற்றர் மவுண்ட் அட்டை இடைவெளிக்குப் போதும். தாளை நாலு பக்கமும் ஒட்டாமல் மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் தாள் விரியும், விரிய இடமில்லாவிட்டால் அலை அலையாக நெளியும்.

கொழும்பில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், வெள்ளவத்தைப் பக்கம் ஈரத்தோடு கடற்காற்றும் சேர்வதால் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை மேற்கு, தெற்கு வெளிச்சுவர்கள் ஊறி, படத்தின் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும். பிரேமின் கீழ் மூலைகளில் 5 மில்லிமீற்றர் தடிப்பில் தக்கை ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். மாலை வெயில் நேரே விழும் சுவரும் கூடாது.

கண்ணாடியோடு பெரிய படம் 4 கிலோ வரை வரலாம், ஆகவே இரண்டு கொக்கி போடுங்கள். பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு உதிரும். 6 மில்லிமீற்றர் துளை பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 4 சென்ரிமீற்றராவது போக வேண்டும், அதற்குள்தான் பிளாஸ்டிக் பிளக்.

படத்தின் நடு நிலத்திலிருந்து 150 சென்ரிமீற்றரில் இருக்கலாம் என்பது காட்சிக்கூட வழக்கம். முழங்காலிட்டு செபிக்கும் வீட்டில் அதைவிடச் சற்று உயர்த்தலாம் என்பது எங்கள் எண்ணம், பீடத்துக்கு வரைந்த படம் அண்ணாந்து பார்ப்பதற்கே. மெழுகுதிரியைப் படத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள், கரி முதலில் சம்மனசுகளைத்தான் பிடிக்கும். மல்லிகை மாலையையும் பிரேமில் சுற்றாமல் தட்டில் வையுங்கள். பூவின் ஈரம் கண்ணாடி விளிம்பால் உள்ளே இறங்கும்.