காய்கறிச் சந்தை: யு.கே.ஜி. வகுப்புக்கு ஐந்து நாள் விளையாட்டு

நம் நர்சரிப் பள்ளிகளில் ‘தீம்’ என்றாலே பல பேருக்கு மஞ்சள் நாள், பச்சை நாள்தான் ஞாபகம் வரும். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அம்மாக்கள் மஞ்சள் சட்டை தேடி அலைவார்கள். மிஸ் சார்ட் பேப்பரில் சூரியகாந்தி வெட்டி ஒட்டுவார். போட்டோ எடுத்ததும் நாள் முடிந்துவிடும். அன்றைக்கு அதிகம் வேலை செய்தது யார் என்று பார்த்தால் மிஸ்ஸும் அம்மாவும்தான். குழந்தை சும்மா நின்றுகொண்டிருந்தது.

தீம் எடுப்பதென்றால் குழந்தைக்கு அதில் ஒரு வேலை இருக்க வேண்டும். அதற்குச் சந்தை நன்றாகப் பொருந்தும். எண்ண வேண்டும், நிறுக்க வேண்டும், வாய் திறந்து பேச வேண்டும், காசு கொடுத்து வாங்க வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை செய்வதெல்லாம் வெள்ளிக்கிழமை நடக்கப்போகும் சந்தைக்கான ஏற்பாடு. இதைத் திங்கட்கிழமையே குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள்.

இது நாலரை முதல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்கு. வெள்ளிக்கிழமைச் சந்தையைத் தவிர, ஒரு செயலுக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். காலை வணக்கம் முடிந்து குழந்தைகள் தெளிவாக இருக்கிற நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மதிய உணவுக்குப் பிறகு வைத்தால் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள்.

முன்னேற்பாடு

முந்தைய வெள்ளிக்கிழமை டைரியில் எழுதி அனுப்புங்கள்: ‘வீட்டில் சமைக்க வைத்திருப்பதில் ஒரே ஒரு காய். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.’ யார் எந்தக் காய் என்று நீங்களே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வகுப்பு முழுக்கத் தக்காளியும் கேரட்டுமாக வந்து சேரும். கத்தரி, முருங்கை, புடலை, பீர்க்கு, பாகல், வாழைக்காய், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், ஒரு கட்டுக் கீரை என்று வடிவமும் தோலும் வேறுவேறாக இருக்கட்டும். யாராவது கொண்டுவர முடியாமல் போனால் அந்தக் குழந்தை வெறுங்கையோடு நிற்காதபடி உங்கள் பையில் நாலைந்து கூடுதலாக இருக்க வேண்டும். தக்காளியும் கீரையும் வெள்ளி வரை தாங்காது. அவற்றை மட்டும் வியாழன் மாலை வாங்கிக்கொள்ளலாம்.

பச்சை மிளகாய் வேண்டவே வேண்டாம். கை கண்ணுக்குப் போகும். சேனை, சேப்பங்கிழங்கு, கருணை மூன்றும் அரிக்கும். புளியங்கொட்டை, பட்டாணி, மொச்சை போன்றவை எண்ணுவதற்கு வசதிதான். ஆனால் மூக்கிலும் காதிலும் போய்விடும். வாய்க்குள் முழுதாக நுழையக்கூடிய எதையும் இந்த வயதில் மேஜையில் வைக்காதீர்கள். நிஜ ஒரு ரூபாய் நாணயமும் இதில் சேர்த்தி. விளையாட்டுக் காசைப் பழைய அட்டைப்பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

திங்கள்: மஞ்சப்பைக்குள் என்ன?

ஒரு மஞ்சப்பை எடுத்து உள்ளே நாலு காய் போடுங்கள். குழந்தை கையை மட்டும் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் முறையில் நடக்கும் பள்ளிகளில் இப்படி ஒரு தொட்டறியும் பை இன்றைக்கும் இருக்கிறது. நமக்குத் தனியாகச் சாமான் வாங்க வேண்டியதில்லை.

இங்கே நீங்கள் கேட்கும் கேள்விதான் முக்கியம். “இது என்ன?” என்று தொடங்கினால் “பாகற்காய்” என்று ஒரே சொல்லில் விளையாட்டு முடிந்துவிடும். “கைக்கு எப்படி இருக்கு, கண்ணு?” என்று கேளுங்கள். முள்ளு முள்ளா இருக்கு, வழுவழுன்னு இருக்கு, சில்லுன்னு இருக்கு, மீசை இருக்கு என்று வரும். மீசை என்றால் வெங்காயத்தின் வேர். குழந்தை சொன்ன வார்த்தையையே நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள். பெயரை எல்லாரும் சேர்ந்து கடைசியில் கண்டுபிடிக்கட்டும்.

பெயர் வந்தவுடன் கைதட்டல். தேங்-காய் என்றால் இரண்டு தட்டு, தக்-கா-ளி மூன்று, மு-ருங்-கைக்-காய் நான்கு. விளையாட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் சொல்லைத் துண்டு துண்டாகக் காதில் பிரித்துக் கேட்கிற பழக்கம் பின்னால் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது நேராக உதவும்.

செவ்வாய்: பிரித்து வைப்பது, எண்ணுவது

தரையில் சாக்பீஸால் இரண்டு பெரிய வட்டம் போடுங்கள். எல்லாக் காயையும் நடுவில் குவித்துவிட்டு, “ஒண்ணா இருக்கிறதை ஒண்ணா வைங்க” என்று மட்டும் சொல்லுங்கள். எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டாம். சிலர் நிறம் பார்ப்பார்கள், சிலர் நீளம் பார்ப்பார்கள். ‘எனக்குப் பிடிக்கும், பிடிக்காது’ என்று பிரிக்கிற குழந்தையும் உண்டு. அதுவும் சரியான பிரிப்புதான். “இதை ஏன் இங்கே வச்சே?” என்று கேட்டால் காரணம் சொல்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கத்தரிக்காய் வந்ததும் சண்டை வரும். உடம்பு ஊதா, காம்பு பச்சை. எந்த வட்டம்? உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் வாதாட விட்டுப் பிறகு இரண்டு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி மாற்றி வரையுங்கள். நடுவில் கிடைத்த இடம் எதற்கு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எண்ணும்போது ஒவ்வொரு காயையும் விரலால் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். வாய் ‘ஏழு’ என்று ஓடிக்கொண்டிருக்கும், விரல் ஐந்தாவது காயில் நிற்கும். அந்த இரண்டையும் ஒன்றாக ஓடவைப்பதுதான் இன்றைய வேலை. எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். ஐந்து கேரட்டை நெருக்கி ஒரு வரிசையும் ஐந்தைத் தள்ளித் தள்ளி இன்னொரு வரிசையும் வைத்தால் நீளமான வரிசையில் அதிகம் இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். குழந்தைகள் சிந்திக்கும் விதத்தை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே விரிவாகப் பார்த்த விஷயம் இது. அந்த வயதுக்கு இயல்பு. திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

புதன்: தராசு

வாரத்தின் சிறந்த நாள் இதுதான். நேரம் போதாமல் வேறு ஏதாவது ஒன்றை விட நேர்ந்தாலும் இதை விடாதீர்கள்.

துணி மாட்டும் பிளாஸ்டிக் ஹேங்கர் ஒன்று, ஒரே அளவில் இரண்டு தயிர் டப்பா, சணல் கயிறு போதும். ஒவ்வொரு டப்பாவின் விளிம்பிலும் சம தூரத்தில் மூன்று துளை போட்டுக் கயிறு கோத்து மேலே ஒன்றாக முடிச்சுப் போடுங்கள். ஹேங்கரின் இரு முனையிலும் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள். கயிறு வழுக்கிக்கொண்டே இருந்தால் முனையில் செல்லோ டேப் சுற்றுங்கள். கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டினால் டப்பா சுவரில் இடிக்கும். இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு கம்பு வைத்து, குழந்தையின் மார்பு உயரத்தில் மாட்டுவது நல்லது. வெறும் டப்பாவே ஒரு பக்கம் சாய்ந்தால், மேலே போன டப்பாவின் அடியில் கொஞ்சம் களிமண் ஒட்டி நேராக்குங்கள். இதைக் குழந்தைகள் முன்னாலேயே செய்யுங்கள். எதுவும் வைக்காதபோது தராசு நேராக நிற்க வேண்டும் என்பதை அவர்களும் பார்க்க வேண்டும்.

முதலில் ஊகம், பிறகு நிறுவை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு கையிலும் இரண்டு காய் வாங்கிக்கொண்டு, “எது கனம்?” என்பதற்குக் கையைத் தூக்கியோ இறக்கியோ காட்ட வேண்டும். அதன் பிறகே தராசில் வைக்க வேண்டும். நாலைந்து ஜோடி ஆனதும் ஒரு சின்னப் பொரிப் பொட்டலத்தையும் உருளைக்கிழங்கையும் எடுங்கள். பொரிப் பொட்டலம் உருளைக்கிழங்கைவிடப் பெரிதாக இருப்பதால் அதுதான் கனம் என்று பெரும்பாலோர் சத்தியம் செய்வார்கள். தராசு உருளைக்கிழங்குப் பக்கம் இறங்கும்போது வகுப்பில் எழும் கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்தாலும் ஆச்சரியமில்லை. பெரிதாக இருப்பது கனமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இதை நீங்கள் விளக்கவே தேவையில்லை.

கொஞ்சம் தேறியவர்களுக்கு அடுத்த படி: ஒரு கத்தரிக்காய்க்குச் சமமாக எத்தனை மரக்கட்டை? ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, தராசு நேரானதும் நிறுத்த வேண்டும். நோட்டில் கத்தரிக்காய் படம் வரைந்து, பக்கத்தில் அத்தனை கோடு. கிராம், கிலோ எல்லாம் இப்போது வேண்டாம். கனம், லேசு, சமம் என்ற மூன்று சொல் போதும்.

நாற்பது குழந்தைகளுக்கு ஒரே தராசு என்றால் முப்பத்தாறு பேர் சும்மா நிற்பார்கள். நான்கு தராசு செய்யுங்கள், அல்லது குழுவாகப் பிரித்து மற்றவர்களை ஆயம்மாவோடு களிமண்ணில் காய் செய்ய உட்கார வையுங்கள்.

வியாழன்: விலைப்பலகை

உழவர் சந்தைக்குப் போனால் வாசலிலேயே அன்றைய விலை எழுதிய பலகை இருக்கும். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழகிய காட்சி. நம் சந்தைக்கும் ஒன்று வேண்டும். அதைக் காய் அச்சு வைத்துச் செய்யலாம்.

முற்றிய வெண்டைக்காயை வீட்டிலேயே குறுக்கே வெட்டி எடுத்துப் போங்கள். சமையலுக்கு ஆகாத முற்றல்தான் அச்சுக்கு நல்லது. அழுத்தினாலும் நசுங்காது, சாப்பாட்டை வீணாக்குகிறோம் என்ற வருத்தமும் இருக்காது. வாழைமட்டையின் வெட்டுமுகத்தில் அழகான வலை வரும். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், ஈரமாக இருந்தால் அச்சு கலங்கும். தட்டில் மடித்த பழைய துணியை வைத்து அதில் கெட்டியாகக் கரைத்த போஸ்டர் கலரை ஊற்றினால் அச்சுக்கு மை தொட்டுக்கொள்ளும் திண்டு தயார். கத்தரிக்காய் விலை இரண்டு என்றால் விலை அட்டையில் காய் படம், ‘2’ என்ற எண், பக்கத்தில் இரண்டு வெண்டைக்காய்ப் பூ. எண் தெரியாத குழந்தை பூவை எண்ணி விலை தெரிந்துகொள்ளும். எல்லா விலையும் 1 முதல் 3க்குள் இருக்கட்டும்.

வெள்ளி: சந்தை கூடுகிறது

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் சாக்கு விரியுங்கள். பாதிப் பேர் விற்பவர்கள், பாதிப் பேர் வாங்குபவர்கள். 20 நிமிடம் கழித்து மாற்றிவிடுங்கள். விற்பது, நிறுப்பது, காசு வாங்கிப் போடுவது, காய் எடுத்து வந்து அடுக்குவது என்று கடைக்குள் வேலையைப் பிரியுங்கள். அதிகம் பேசாத குழந்தையைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் வேலையும் நடக்கும், வற்புறுத்தாமலே பேச்சும் வரும்.

வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து அட்டைக் காசும், வாங்க வேண்டிய காய்களின் படம் போட்ட சீட்டும் கொடுங்கள். சிலருடைய சீட்டில் ஐந்து காசைத் தாண்டும்படி எழுதிவையுங்கள். எதை வாங்குவது, எதை விடுவது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். நீங்களும் கூடை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளராகப் போங்கள், கொஞ்சம் வம்பு பிடித்தவராக. மூன்று காசுக் காய்க்கு இரண்டைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். “மிஸ், இன்னும் ஒண்ணு குடுங்க!” என்று பின்னாலிருந்து குரல் வந்தால் கழித்தல் அங்கே நடந்துவிட்டது. பேரம் பேசினால் பேசட்டும். வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டது அப்படியே வரும், “என்னப்பா இப்படி விலை சொல்றே?” உள்பட. சத்தம் அதிகமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சந்தை நடக்கும்போதே ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: தொட்டு எண்ணுகிறதா, காரணம் சொல்கிறதா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறதா. மார்க் போட வேண்டாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வெறுமனே ‘நல்லா படிக்கிறான்’ என்பதற்குப் பதிலாகச் சொல்ல ஏதாவது இருக்கும்.

ப்ரீ.கே.ஜி. என்றால் மஞ்சப்பையும் வட்டமும் மட்டும் போதும், காசு வேண்டாம்.

வாங்கிய காய் வாங்கியவருக்கே. கேரட் கொடுத்தனுப்பிய வீட்டுக்குப் பாகற்காய் வந்து சேரும். அதனால் காலையிலேயே குரூப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். மை பட்டதும் வெட்டியதும் உரக்குழிக்குப் போகட்டும். தராசைக் கழற்றாதீர்கள். அடுத்த வாரத் தீம் எதுவானாலும் வேலைக்கு வரும்.