மேசைக்கடியில் ஒரு பழைய கணினி: ஹார்டுவேர் பழகத் தொடங்குபவருக்கு

என் கடையில் மேசைக்கு அடியில் ஒரு பழைய கேபினட் கிடக்கிறது. அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வேலை பழக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதில்தான் கை வைப்பார்கள். காலையில் அவர்கள் வருவதற்குள் நான் அதில் ஏதாவது ஒரு கோளாறை உண்டாக்கி வைத்துவிடுவேன். ஒரு வயரை உருவிவிடுவேன். அல்லது ஒரு செட்டிங்கை மாற்றிவிடுவேன். மதியச் சாப்பாட்டுக்குள் அவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்கலாம், மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது விதி.

விதி எளிதாகத் தோன்றும். ஆனால் பதற்றத்தில் ரேமையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரலையும் ரீசெட் செய்தால் கணினி ஓடிவிடும். எதனால் ஓடியது என்பது மட்டும் தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பி வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

படி 1: எங்கே கற்பது?

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் ‘கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டனன்ஸ்’ என்ற ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, விசாரித்துக்கொள்ளுங்கள். ‘கோப்பா’ என்ற பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கோப்பாவில் கணினியை இயக்கவும் ஓரளவு புரோகிராம் எழுதவும் சொல்லித் தருவார்கள். ஸ்குரூ டிரைவர் பிடிக்க விரும்புகிறவருக்கு முதல் பிரிவுதான் பொருந்தும்.

உலக அளவில் பேசப்படும் சான்றிதழ் கம்ப்டியா ஏ பிளஸ். இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900க்கு முதல் தேர்வில் 675, இரண்டாவதில் 700 எடுக்க வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். பெரிய நிறுவனத்தின் உதவி மையத்தில் வேலை தேடுகிறவருக்கு இது பயன்படும். தெருமுனை சர்வீஸ் கடையில் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதன் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. தேர்வு எழுதாவிட்டாலும் எதையெல்லாம் படிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் இல்லை.

படி 2: பழகுவதற்கு ஒரு கணினி

சொந்தக் கணினியில் பழகாதீர்கள், நண்பனுடையதிலும் வேண்டாம். யாரோ ஓரங்கட்டிய டெஸ்க்டாப் ஒன்றை வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கும் நரசிங்கபுரம் தெருவுக்கும் ஒரு நடை போய் வரலாம். மற்ற ஊர்களில், கணினிகளை மாற்றும் அலுவலகங்களிலும் பழைய பொருள் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். மடிக்கணினியில் தொடங்க வேண்டாம். அதில் இடம் குறைவு, கிளிப்புகள் மெல்லியவை, ரிப்பன் கேபிள் ஒன்று கிழிந்தால் ஆர்வமும் சேர்ந்து போய்விடும்.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். காந்த முனையுள்ள நட்சத்திர ஸ்குரூ டிரைவர், டிஜிட்டல் மல்டிமீட்டர், பெயின்ட் பிரஷ், தெர்மல் பேஸ்ட், பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர், 16 ஜி.பி. பென்டிரைவ் போதும். ப்ளோயரைப் பிறகு வாங்கலாம். ப்ளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; அது காற்றில் அளவு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

படி 3: கழற்றி மாட்டுதல்

மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மீதமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உடலிலுள்ள நிலை மின்சாரம் போக, கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். முன்பக்க பட்டன்களிலிருந்து வரும் மெல்லிய வயர்களுக்கு மட்டும் இரண்டு படம்.

பிராசசரின் சூட்டை உறிஞ்ச அதன் மீது தெர்மல் பேஸ்ட் தடவி வைத்திருக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றும்போதுதான் பலருக்கும் முதல் விபத்து நேர்கிறது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகைப் பிராசசர்களில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும். பேஸ்ட் காய்ந்திருந்தால் ஹீட் சிங்க்கோடு பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளையும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே அணைத்து, ஹீட் சிங்க்கை இடமும் வலமும் மெல்லத் திருப்பி எடுங்கள். இன்டெல் பிராசசர்களிலும் ஏ.எம்.5 வகையிலும் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கும், அங்கே விரல் படவே கூடாது.

ரேமைச் செருகும்போது நடு வெட்டைப் பாருங்கள். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற இரு தலைமுறை ரேம்களிலும் 288 தொடுமுனைகள்தான். ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. உட்காரவில்லையென்றால் அழுத்தாதீர்கள்.

கழற்றி மாட்டுவதைப் பத்து முறை செய்யுங்கள். பத்தாவது முறை படத்தைப் பார்க்காமல் மாட்ட வேண்டும்.

படி 4: மின்சாரம் முதலில்

கணினி அசையவே இல்லை என்றால் சுவரிலிருந்து தொடங்குங்கள். பிளக் பாயின்ட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ்., பவர் கேபிள், எஸ்.எம்.பி.எஸ். (கேபினட்டுக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) பின்பக்கத்துச் சிறு சுவிட்ச். நான் தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு கணினியை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கணினிக்காரரின் மகள், எட்டாம் வகுப்புப் படிப்பவள், ‘அண்ணா, அந்தச் சுவிட்சை நான்தான் அணைத்தேன்’ என்றாள்.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். 24 ஊசி கனெக்டரை, பாகங்களெல்லாம் பொருந்தும் பெரிய போர்டான மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, மின் இணைப்பு கொடுங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, ஊதா வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் அளந்து பாருங்கள். கணினி அணைந்திருந்தாலும் அங்கே 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பச்சையையும் கறுப்பையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து மறுபடி கொடுங்கள். பெரும்பாலும் ஃபேன் சுழலும். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வோல்ட் இருக்கலாம். புதிய எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா வயரும் கறுப்பாகவே வருகின்றன. அதனால் எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஊதா 9ஆம் ஊசி, பச்சை 16ஆம் ஊசி.

இந்தச் சோதனையில் தோற்றால் எஸ்.எம்.பி.எஸ். கெட்டது உறுதி. தேறினால் நல்லது என்று உறுதியில்லை; சுமை ஏறும்போது படுத்துவிடும் ரகமும் உண்டு. அதற்குத்தான் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கடையில் எப்போதும் வைத்திருக்கிறோம்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி. உள்ளே ஏறக்குறைய 325 வோல்ட் டி.சி.யாக மாறி மின்தேக்கியில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கக்கூடும்.

நம் ஊர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: ‘கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது.’ கணினியில் குற்றம் தேடுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டச் சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை கசியவிடும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் வழியாகப் போக வேண்டியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது வயர் இல்லாவிட்டால் அது கேபினட்டிலேயே நிற்கும், டெஸ்டரை வைத்தால் எரியும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினாலும் சுருக் போகாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

படி 5: ஃபேன் ஓடுகிறது, திரையில் ஒன்றுமில்லை

இந்தத் தொழிலில் சோறு போடும் கோளாறு இதுதான். மானிட்டருக்கு மின்சாரம் வருகிறதா, சரியான இன்புட்டில் இருக்கிறதா, கேபிள் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இன்டெல் பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் ஹெச்.டி.எம்.ஐ. துளையில் கேபிளைச் செருகி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது. கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும்.

அது சரியென்றால் கணினியை எலும்புக்கூடாக்குங்கள். ஹார்ட் டிஸ்க், யு.எஸ்.பி. சாமான்கள் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம் மட்டும் இருக்கட்டும். பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டும் வேண்டாம். ரேமின் தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். ஒரு ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வைத்துப் பாருங்கள். பிராசசருக்கு அருகில் வரும் 4 அல்லது 8 ஊசி கனெக்டரைத் தொட்டு உறுதிசெய்யுங்கள். அது கழன்றிருந்தாலும் பெரும்பாலும் ஃபேன் ஓடும், திரை வராது. எங்கள் பழைய கணினியில் நான் அதிகம் உருவிவிடுவது இதைத்தான்.

பிறகு, மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டிலிருக்கும் வில்லை போன்ற சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த பேட்டரி 3 வோல்ட். அது வலுவிழந்தால் கணினியின் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும், இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வரும். ‘இன்டர்நெட் வேலை செய்யவில்லை’ என்று வரும் சில புகார்களுக்கு இந்தச் சிறு வில்லைதான் காரணம்.

டி.டி.ஆர்.5 போர்டுகளில் முதல்முறை ரேமை மாட்டியதும் திரை சில நிமிடம் இருட்டாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்கிறது. அவசரப்பட்டு அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

படி 6: ஃபார்மேட் செய்வதற்கு முன்

விண்டோஸ் நிறுவுவது இன்று பெரிய வித்தையில்லை. பென்டிரைவைத் தயார்செய்யும் வழி எங்கும் கிடைக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அது இல்லாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு வழி.

நிறுவுவதற்கு முன் செய்யும் வேலைதான் கடினம். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். ‘பென்டிங் செக்டர்’, அதாவது படிக்க முடியாமல் தடுமாறும் இடங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் உடனே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள்.

எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ‘டெஸ்க்டாப்பில் இருப்பது போதும்’ என்பார்கள். நம்பாதீர்கள். கணக்கு எழுதுகிறவர்களின் டேலி தரவு பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும். அச்சகக்காரர்களிடம் இன்னொன்று. ஒருமுறை ஓர் அச்சகக் கணினியின் கோப்புகளையெல்லாம் பத்திரமாக நகலெடுத்து, ஃபார்மேட் செய்து, பெருமையோடு கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் அழைப்பு வந்தது: ‘தம்பி, பத்து ஆண்டுத் திருமணப் பத்திரிகைகள் எல்லாம் கிறுக்கலாகத் தெரிகின்றனவே!’ பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களை நான் எடுத்து வைக்கவில்லை. எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய வழிசெய்த யூனிகோடுக்கு முந்தைய கோப்புகளுக்கு அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழே தெரியாது. அவற்றைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் அலைந்தேன். அன்றிலிருந்து விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையைத்தான் முதலில் நகலெடுக்கிறேன்.

புதிய மடிக்கணினியென்றால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். பயாஸில் சில செட்டிங்கை மாற்றினாலே 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கலாம். எங்கும் இல்லையென்றால் தரவு போனது போனதுதான்.

படி 7: நெட்வொர்க்

கேபிள் முனையில் வயர்களின் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இருபது முனையை வீணாக்கினால் கை பழகிவிடும்.

இணையம் வரவில்லையென்றால் கணினியின் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து முகவரி வரவில்லை. கேபிளையும் ரௌட்டரையும் சோதியுங்கள். முகவரி சரியாக இருந்தால் ரௌட்டருக்குப் பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பிறகு கூகுளின் 8.8.8.8க்கு. அது பதில் சொல்லியும் தளங்கள் திறக்கவில்லையென்றால், தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸைப் பாருங்கள்.

படி 8: காது

தொலைபேசியில் உதவும்போது ‘கணினியில் என்ன கோளாறு’ என்று கேட்காதீர்கள். ‘வைரஸ்’ என்று பதில் வரும். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே படிக்கச் சொல்லுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்ற இரண்டு கேள்விகளிலேயே பாதி விடை கிடைத்துவிடும். மேசையை நகர்த்தினோம், இடி இடித்தது, பையன் விளையாட்டு ஒன்று ஏற்றினான் என்று ஏதாவது வரும்.

தொலைவிலிருந்து திரையை இயக்கும்போது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பழுதுக்கு வந்த கணினியிலுள்ள படங்களைத் திறந்து பார்க்கிறவனை நான் அன்றே அனுப்பிவிடுவேன். கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது உரிமையாளர் எதிரிலேயே ஓட்டிக் காட்டுங்கள், மாற்றிய பழைய பாகத்தையும் அவர் கையில் கொடுங்கள்.

நாளை காலை புதிதாக ஒரு பெண் பழக வருகிறார். மேசைக்கடியில் இருக்கும் கணினியில் ரேமின் ஒரு பக்கக் கிளிப் மட்டும் பூட்டியிருக்கிறது. மறுபக்கம் தலைமுடி அளவு மேலே நிற்கிறது. ஃபேன் ஓடும், விளக்கெல்லாம் எரியும்.