பியூர் டேட்டாவில் பிசகாத தாளக்கட்டு

மில்லர் பக்கெட் உருவாக்கிய, பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து ஒலி நிரல்களை அமைக்க உதவும் பியூர் டேட்டா மென்பொருளில் சீரான துடிப்புக்கு ‘மெட்ரோ’ பெட்டி ஒன்றே போதும். அது கேட்பது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதை அல்ல, இரு தட்டுகளுக்கு இடைப்பட்ட மில்லிசெகண்டுகளை என்பதால், 60000-ஐ வேகத்தால் வகுத்து, கிடைக்கும் எண்ணை அதன் வலது நுழைவாயிலுக்கு அனுப்ப வேண்டும். 120 தட்டுகளுக்கு அது 500 ஆகும். ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த எண்ணை மாற்றினால், புதிய இடைவெளி அடுத்த தட்டுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். இது குறையன்று, வசதியே.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி மெட்ரோ வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. வெவ்வேறு கணங்களில் தொடங்கப்பட்டவை அந்த இடைவெளியோடேயே கடைசிவரை ஓடும் என்பதால், மிகச் சிறிய அலகுக்கு, அதாவது தட்டுக்கு நான்கு வீதம் 125 மில்லிசெகண்டுக்கு, ஒரே மெட்ரோவை வைத்து, அதன் துடிப்புகளை எண்ணி, வகுத்து வரும் மீதியைத் தரும் ‘மாட்’ பெட்டியால் 4, 8, 16 எனப் பிரித்துக்கொள்ளலாம்.

துல்லியம் பெரும்பாலும் கெடுவது மெட்ரோவில் அல்ல, அதற்குப் பின்னால் வரும் ஒலிப் பெட்டிகளில்தான். ஒலி 64 மாதிரிகள் (ஒலி அலையின் தனித்தனி அளவீடுகள்) கொண்ட தொகுதிகளாகக் கணக்கிடப்படுவதால், நொடிக்கு 44100 மாதிரிகள் (44100 ஹெர்ட்ஸ்) என்ற வீதத்தில், ஒலியின் அளவைச் சீராக ஏற்றி இறக்கும் ‘லைன்~’ பெட்டி ஏறத்தாழ 1.45 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் தொகுதி எல்லையில்தான் தொடங்க முடியும். அதன் இடத்தில் அதே வேலையைச் செய்யும் ‘வி-லைன்~’ பெட்டியை வைத்தால், மெட்ரோ குறித்த கணத்திலேயே ஒலியின் எழுச்சி அமையும். வேகமான தாள உருட்டல்களில் இந்த வேறுபாடு காதுக்கே புலப்படும்.