கைப்பிள்ளையோடு புது வீடு: பால் காய்ச்சுவதற்கும் குடிபோவதற்கும் நடுவே

பால் காய்ச்சிய கையோடு சாமானையும் இறக்கிவிடுவதுதான் புது வீட்டுக்காரர்கள் பலரும் செய்கிற தவறு. வாடகை வீட்டுக்கு இன்னொரு மாத வாடகை எதற்கு என்று தோன்றும். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அந்த ஒரு மாத வாடகையை வீட்டுச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். நல்ல நாளில் பால் காய்ச்சி, அன்று ராத்திரி மட்டும் தங்குங்கள். அதன்பின் தினமும் சாயங்காலம் ஒருவர் போய் விளக்கேற்றிவிட்டு வரட்டும். பால் காய்ச்சிவிட்டால் சாமான் எப்போது வந்தாலும் குற்றமில்லை என்று பெரியவர்களே பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். சாமான் இல்லாத அந்த ஒரு மாதத்தில்தான் வீட்டை ஒழுங்காகச் சோதிக்க முடியும். பீரோவையும் கட்டிலையும் போட்ட பிறகு சுவரும் தெரியாது, தரையும் தெரியாது.

ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனியைத் தள்ளிவிட்டு நாள் பார்ப்பது வழக்கம். மதுரைக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சித்திரைத் திருவிழா வாரத்தில் மாசி வீதிகள், தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் சாமான் வண்டி நகராது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி வீடு மாற்றத் தேதி குறித்தால், லோடுமேனும் கிடைக்கமாட்டார்.

பால் காய்ச்சும் நாளில் தரைக்கு வரும் ஆபத்து

ஓமம் வளர்ப்பதாக இருந்தால் ஓமகுண்டத்தை டைல்ஸ் மேல் நேராக வைக்க விடாதீர்கள். சூட்டில் டைல்ஸ் வெடிக்கும், அல்லது அடியில் பசை விட்டுத் தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும். இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கி, அதற்கு மேல் குண்டம் வைக்கச் சொல்லுங்கள். மணல் கட்டுமான வேலையில் மிஞ்சியதே போதும். பசுவும் கன்றும் வரும் வழி முழுக்கக் கோணிச்சாக்கு விரியுங்கள். வழவழப்பான டைல்ஸில் மாட்டுக் குளம்பு நிற்காது. அது மிரண்டு சறுக்கினால் பக்கத்தில் நிற்கும் குழந்தைகளுக்குத்தான் முதல் அடி. சன்னலை எல்லாம் திறந்து வையுங்கள். கைக்குழந்தையைப் புகை வராத அறையிலோ பக்கத்து வீட்டிலோ வைத்திருந்து, பால் பொங்கும்போது கொண்டுவந்தால் போதும். பூவை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முதல் நாளே சொல்லி வையுங்கள். முகூர்த்த நாள் காலையில் மல்லிகை விலை கேட்டால் பால் பொங்குவதற்கு முன் மனசு பொங்கும்.

தண்ணீர்

புது வீட்டில் எதைச் சோதிக்காவிட்டாலும் இதைச் சோதியுங்கள். முதலில் அளவு. நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். நான்கு பேருக்கு 540 லிட்டர். மாநகராட்சித் தண்ணீர் உங்கள் தெருவில் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வருகிறது என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள். விற்றவரிடம் கேட்டால் ‘தாராளமா வரும்’ என்பார். நான்கு நாளைக்கு ஒருமுறை என்றால் 540 x 4 = 2,160. ஆகவே தரைக்கடித் தொட்டி, அதாவது சம்ப், 2,500 முதல் 3,000 லிட்டர் பிடிக்க வேண்டும். மாடியில் 1,000 லிட்டர் டேங்க் போதும்.

புதுச் சிமெண்ட் சம்பில் முதலில் ஊற்றும் தண்ணீர் சுண்ணாம்புக் காரமாக இருக்கும். மூன்று நாள் நிரப்பி வைத்து வெளியேற்றுங்கள். இதை இரண்டு, மூன்று தடவை செய்யுங்கள். அடுத்து கிருமி நீக்கம். 1,000 லிட்டருக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர், 3,000 லிட்டர் என்றால் 450 கிராம். ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரையே மேல் டேங்குக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். 12 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். கட்டி தட்டிப்போன பழைய பவுடரில் வீரியம் இருக்காது. அளவைக் கூட்டிப் போட்டு ஈடுகட்டப் பார்க்காமல் புதுப் பாக்கெட் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூடிக் கிடந்த சம்பிலோ செப்டிக் டேங்கிலோ யாரையும் இறங்கவிடாதீர்கள். புதிதாகக் கட்டியதில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கினாலும் இதே ஆபத்துதான். உள்ளே காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். இறங்கியவர் மயங்குவார், காப்பாற்ற இறங்குபவரும் மயங்குவார். நீளக் கம்பில் பிரஷ் கட்டி மேலிருந்தே தேயுங்கள்.

போர் தண்ணீரை ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். அதில் ஐந்து எண்ணைப் பாருங்கள். உப்பின் மொத்த அளவான டி.டி.எஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை தரநிர்ணயம் அனுமதிக்கிறது. கடினத்தன்மை 200-க்குள் நல்லது, எல்லை 600. ஃபுளோரைடு 1 மி.கி. நல்லது, 1.5-க்கு மேல் கூடாது. கூடினால் பிள்ளையின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும், நாள்பட எலும்பையும் தொடும். நைட்ரேட் 45-க்கு மேல் போகவே கூடாது. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாயும். கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஐந்தாவது, மலக் கிருமி. அது துளியும் இருக்கக் கூடாது. அதற்கான மாதிரியை மட்டும் ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். நைட்ரேட்டும் கிருமியும் சேர்ந்து வந்தால், போருக்குப் பக்கத்தில் உங்களுடையதோ அடுத்த வீட்டுக்காரருடையதோ செப்டிக் டேங்க் இருக்கும். இரண்டுக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும். சின்ன மனைகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

டி.டி.எஸ் 500-க்குள் இருந்து மற்றவையும் சரியாக இருந்தால் ஆர்.ஓ மெஷின் தேவையில்லை, வடிகட்டிக் கொதிக்கவைத்தாலே போதும். ஆர்.ஓ போட்டால் கழிவுக் குழாயை வாளியில் விடுங்கள். அந்தத் தண்ணீர் தரை துடைக்க ஆகும், செடிக்கு ஆகாது.

கசிவு

மதுரைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். சித்திரையில் குடிபோகிறவருக்கு மொட்டைமாடி ஒழுகுவது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் கொத்தனார் வேறு ஊரில் வேலைக்குப் போயிருப்பார். ஆகவே கணக்கை முடிக்கும் முன்னே, மாடித் தண்ணீர்க் குழாய்களைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிற்கவிடுங்கள். கீழே கூரையில் ஈர வட்டம் வருகிறதா பாருங்கள். குளியலறைக்கும் இதே சோதனைதான், அங்கே 24 மணி நேரம் போதும். பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம் அலமாரி இருந்தால் அதன் உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். சம்பை நிரப்பிச் சுவரில் பென்சில் கோடு போட்டு மறுநாள் பாருங்கள்.

குழாய்களின் முனையில் இருக்கும் வலையைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் வேகமாகத் திறந்துவிடுங்கள். பைப்புக்குள் தங்கிய மணலும் சிமெண்டும்தான் வாஷிங் மெஷின் வால்வைக் கெடுக்கும்.

கரண்ட்

மெயின் பலகையில் ‘30 மில்லி ஆம்பியர்’ என்று அச்சிட்ட ஆர்.சி.சி.பி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா பாருங்கள். 100 அல்லது 300 என்று இருந்தால் அது உயிர் காக்க வைப்பது அல்ல. அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எர்த் குழிக்கு வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், காய்ந்த மண் கரண்டை இழுக்காது. ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் வந்திருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டு, சுவிட்ச் பெட்டியைத் திறந்தே காட்டச் சொல்லுங்கள். புது வீடு என்றால், கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற மின்வாரியத்தில் மனுக் கொடுக்க மறக்காதீர்கள். மாற்றும்வரை கட்டணமும் அதிகம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது.

தரையில் தவழ்ந்து பாருங்கள்

கேலி இல்லை. முட்டி போட்டு ஒவ்வொரு அறையாகப் போனால்தான் பிள்ளைக்கு எட்டுவது எது என்று தெரியும்.

மாடிப்படி, பால்கனிக் கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அளவு நாடா இல்லாமலும் ஒரு முதல் சோதனை உண்டு. வீட்டு வேலையில் மிஞ்சிய நாலு அங்குல டிரெய்னேஜ் பைப் துண்டு கிடக்கும். அது கம்பிக்கு நடுவே நுழைந்தால் இடைவெளி அதிகம். அந்த பைப் 10 சென்டிமீட்டரைவிடச் சற்றுப் பருமன் என்பதால், நுழையாவிட்டாலும் நாடாவால் அளந்துவிடுங்கள். குறுக்குக் கம்பி வைத்த கிரில் பார்வைக்கு அழகு, பிள்ளைக்கு அது ஏணி. உள்பக்கம் பாலிகார்பனேட் தகடோ கெட்டியான வலையோ அடியுங்கள். கைப்பிடிச் சுவர் மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது. ஓரத்தில் மிச்சச் செங்கல், பூந்தொட்டி, ஸ்டூல் எதுவும் நிற்கக் கூடாது.

சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள். அந்த மூடியில் கொசு போகிற சந்து இருந்தாலும் அடையுங்கள், டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். குளியலறையில் நிரப்பிய வாளியை வைத்துவிட்டு வராதீர்கள். தலைகுப்புற விழுந்த குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரிலிருந்து தானாக எழ முடியாது. பாத்ரூம், படுக்கையறைக் கதவுகளின் உள் தாழ்ப்பாளைக் கழற்றி ஐந்தடி உயரத்தில் மாட்டுங்கள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும் பிள்ளைக்காகப் புதுக் கதவை உடைக்க வேண்டாம். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை. மின் கீசரை 50 டிகிரிக்கு வைத்து, வாளியில் பச்சைத்தண்ணீரை முதலில் பிடித்து அதற்கு மேல் வெந்நீர் விடுங்கள்.

பீரோவின் இழுப்பறையைப் பிள்ளை ஏணியாக்கும்போது அது முன்னால் சாயும். மேல்முனையில் இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு திருகுங்கள். புதுச் சுவரில் ஈரம் இறங்க மாதக்கணக்காகும் என்பதால், வெளிச் சுவரை ஒட்டாமல் உள் சுவரோரம் நிறுத்துவது நல்லது. புதுத் துணி அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். வெள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு ரத்தச் சிவப்பணு சிதையலாம். காய்ந்த வேப்பிலைச் சருகு போதும்.

தொட்டில் கொக்கி கான்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டி இறக்கியதாக இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் தொங்கவிடாதீர்கள். முதலில் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டு, ஆட்டியும் பாருங்கள். கொக்கியைச் சுற்றி விரிசலோ தூளோ விழுந்தால் அந்தக் கொக்கி வேண்டாம்.

சாமான் ஏற்றும் நாள்

ஒரு படுக்கையறை வீட்டுச் சாமான் குட்டியானையில் இரண்டு நடை பிடிக்கும். கூலியை எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று சொல்லி முதலிலேயே பேசுங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தியே கொண்டு வாருங்கள். படுக்கவைத்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே ஓடவிட வேண்டும், எண்ணெய் கம்ப்ரஸருக்கு இறங்கட்டும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினுக்குப் பயண போல்ட்டை மாட்டாமல் ஏற்றாதீர்கள். புத்தகத்தைச் சின்னப் பெட்டியிலும் தலையணையைப் பெரிய பெட்டியிலும் போடுங்கள். தலைகீழாகச் செய்தால் பெட்டி அடி பிய்ந்துவிடும்.

சிலிண்டரை நிமிர்த்தி, அடுப்புத் திண்டைவிடத் தாழ்வாக வையுங்கள். டியூப்பில் தேதி பாருங்கள், ஐந்து வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். கேஸ் வாடை வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

லோடுமேன் கையில் கொடுக்காமல் நீங்களே தூக்கிவர ஒரு பை: பிள்ளைக்கு இரண்டு நாள் துணி, தொட்டில் சேலை, காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ், கொசுவலை, டார்ச், ஸ்குரூ டிரைவர், எக்ஸ்டென்ஷன் பெட்டி, தடுப்பூசி அட்டை, பத்திரங்கள். கூடவே 20 லிட்டர் கேன் ஒன்று.

காகிதம்

வாங்கிய வீடு என்றால் மின் இணைப்பு, வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் மூன்றையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். பழைய பாக்கி இல்லை என்ற ரசீதை விற்றவரிடம் பத்திரப்பதிவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பதிவு முடிந்தபின் அவர் போனை எடுப்பது அபூர்வம். பட்டா மாற்றத்தையும் ஒத்திப்போடாதீர்கள். வீட்டு வரி அரையாண்டுக் கணக்கு, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் முகவரி மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் பக்கம் வீடு என்றால் பாதாளச் சாக்கடை இணைப்பு உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் செப்டிக் டேங்க்தான். அதில் ஆசிட்டும் பினாயிலும் தாராளமாக ஊற்றினால் மலத்தைச் சிதைக்கும் பாக்டீரியா சாகும், மூன்று வருடத்தில் அழைக்க வேண்டிய லாரியை ஒரே வருடத்தில் அழைப்பீர்கள். மூடி இருக்கும் இடத்தின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடாமல், எங்கே என்று ஒரு போட்டோ எடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு தடவை மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்க் குழாய் வாயில் கிடக்கும் வேப்பிலைச் சருகையும் பட்டாசுக் காகிதத்தையும் அள்ளிவிட்டு வாருங்கள். பட்டாசு முடிந்த மறுநாளும் இன்னொரு தடவை.