ஜாஸ் கேட்கத் தொடங்குவது எப்படி? பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும்

ஜாஸ் பிடிபடவே இல்லை என்பவர்கள் பலர் ஆரம்பித்த இடம்தான் தப்பு. யாரோ சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 1965-க்குப் பிந்தைய இசையைக் கேட்கச் சொல்லியிருப்பார், பத்து நிமிடத்தில் தலை கிறுகிறுத்திருக்கும். அதை அப்புறம் பார்க்கலாம். ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-ல் தன் குழுவோடு பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' யூடியூபில் இருக்கிறது, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். துணைக்கு ஆளில்லாமல் ட்ரம்பெட் மட்டும் மடமடவென்று ஏறி, வளைந்து இறங்கும், அதன் பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள்.

இரண்டாம் தடவை, அவர்கள் சேர்ந்த இடத்திலிருந்து எண்ணுங்கள். நான்கு தட்டுக்கு ஒரு பார், பன்னிரண்டு பார் போனால் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அடியில் ஓடும் கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) ஏறக்குறைய அதே வரிசையில்தான் திரும்ப வரும், மேலே வாசிப்பவர்தான் மாறுவார்: எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று, ட்ராம்போன் ஒன்று, பிறகு கிளாரினெட், அப்புறம் ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சுலபம், தாளம் விடாமல் சுற்ற அதற்குள் ஆள் தன் கற்பனையை ஓட்டுகிறார். கை தட்டத் தோன்றினால் 2, 4-ல் தட்டுங்கள். 1, 3-ல் தட்டினால் பட்டாளத்து மார்ச் ஆகிவிடும்.

கிளாரினெட் சுற்றில் கொஞ்சம் நில்லுங்கள். அது ஒரு வரி வாசிக்க, ஆம்ஸ்ட்ராங் சொல்லே இல்லாத வெறும் குரலில் பதில் சொல்வார். ஒருவர் அழைக்க மற்றவர் பதில் தருவது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வழக்கம். வயல் வேலைப் பாட்டிலும் கறுப்பினத்தவரின் தேவாலயங்களிலும் அது உயிரோடு இருந்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கூடி மேளம் கொட்டி ஆடிய காங்கோ சதுக்கம் ஆம்ஸ்ட்ராங் பிறந்த ஊரில்தான் இருக்கிறது. அதே ஊரில் பித்தளை வாத்தியக் குழுக்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருத்தெருவாக வாசித்தன, ராக்டைம் என்ற துள்ளல் தாளப் பியானோ இசை இருந்தது, ஐரோப்பிய முறையில் சங்கீதம் படித்த, ஆப்பிரிக்க-ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியினரான கிரியோல் கலைஞர்கள் இருந்தார்கள். 1900-ஐ ஒட்டி இதெல்லாம் கலந்ததில் உருவானதுதான் ஜாஸ்.

மூன்றாம் தடவை கடைசிச் சுற்றுக்காகவே கேளுங்கள். ஆம்ஸ்ட்ராங் உச்சத்தில் ஒரே ஸ்வரத்தைக் கிட்டத்தட்ட நான்கு பார் இழுத்துப் பிடித்துவிட்டு, திடீரென்று உதறிக்கொண்டு இறங்குவார். என்னைக் கேட்டால் ஜாஸில் இதற்கு மேல் நாடகம் தேவையே இல்லை.

சரி, அடுத்து எது? இன்னொரு ட்ரம்பெட் கலைஞரான மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. முதல் பாட்டில் பேஸ் (bass, கனத்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) கேள்வி கேட்பது போல ஒரு வரி வாசிக்க, மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் தருவார்கள். இங்கே சுற்று 32 பார்: பதினாறு பார் ஒரே இடத்தில் நின்று, எட்டுக்கு அரை ஸ்வரம் மேலே போய், மறுபடி இறங்கும். அந்த ஏற்றம் காதில் விழும்வரை திரும்பத் திரும்பப் போடுங்கள். இரண்டாவது பாட்டு 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' போலவே பன்னிரண்டு பார் சுற்றுள்ள ப்ளூஸ்தான், அதை நீங்களே எண்ணிவிடுவீர்கள்.