அடுத்த குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு

பல்கலைக்கழக மாணவர் மன்றங்களின் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் மாறிவிடுவதால், முந்தைய குழு பட்டுத் தெரிந்துகொண்டதைப் புதிய குழுவும் முதலிலிருந்து பட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதைத் தவிர்க்க, ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்த இரண்டு நாட்களுக்குள், நினைவு மங்கும் முன்பே, ஒரு பக்கக் குறிப்பை எழுதி வைத்துவிடுங்கள்.

அரங்கத்துக்கு எத்தனை நாட்களுக்கு முன் விண்ணப்பித்தோம், யாருடைய கையொப்பத்துக்காகக் காத்திருந்தோம், எந்தச் செலவு எதிர்பாராமல் வந்தது, பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர் என்பவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி இரண்டு எண்களை நான் குறிப்பாக வலியுறுத்துவேன். கட்டணமில்லாத நிகழ்ச்சிகளுக்குப் பெயர் கொடுத்த பலர் வராமல் போவது வழக்கம் என்பதால், அடுத்த முறை எத்தனை நாற்காலி போடுவது, எவ்வளவு சிற்றுண்டி சொல்வது என்பதை முடிவு செய்ய அவற்றைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது.

சிறிய விஷயங்களையும் விட்டுவிடாதீர்கள். “மேடையின் இடப்பக்க பிளக் பாயின்ட் வேலை செய்யவில்லை, கையில் பிடிக்கும் மைக்குக்கு மாற்று பேட்டரி தேவை” என்ற ஒற்றை வரி, பேச்சாளர் மேடையேறிய பிறகு நான்கு பேர் பதறி ஓடுவதைத் தடுத்துவிடும்.

இந்தக் குறிப்புகள் தனி ஒருவரின் மடிக்கணினியில் அல்லாமல், மன்றத்தின் பொது மின்னஞ்சல் கணக்கிலேயே இருக்கட்டும். இறுதித் தேர்வுகள் தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே அதற்கு முன்பே புதிய குழுவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து விளக்கிவிடுங்கள்.